இரண்டாவது பிரேக்

எட்டுப் போடத் தெரிந்தால் டூவீலர் லைசென்ஸ். கால் தரையில் படக் கூடாது, வண்டி ஆஃப் ஆகக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓர் எட்டு. கார் என்றால் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர். முன்னே கொஞ்ச தூரம், பின்னே கொஞ்ச தூரம். ‘கியரை மாத்து, ஓரமா நிறுத்து.’ பாஸ்!

வீட்டில் இனிப்பு. பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுகிறார். காரின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த சிவப்பு ‘எல்’ எழுத்தை நகத்தால் சுரண்டி எடுக்கிறான் பையன்.

இப்போது ஒரு கேள்வி. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் அவனிடம் என்ன மாறியது?

கை அதே கை. கண் அதே கண். பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் நேற்று இருந்த படபடப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவன் வேறு ஆளாகிவிட்டான். நேற்றுவரை, வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்காராமல் அவன் காரை எடுக்கக் கூடாது. இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கொட்டுகிற மழையில், நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி வரை போகலாம். கேட்பாரில்லை.

எட்டைக் குறை சொல்லவில்லை. சமநிலை, கிளட்ச், நிதானம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது மெதுவாகப் போகும்போது விழாமல் இருக்கத் தெரியுமா என்று பார்க்கும் பரீட்சை. வேகமாகப் போகும்போது நிற்கத் தெரியுமா என்று அது கேட்பதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறான். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு, நல்ல பிரேக்கும் காய்ந்த ரோடும் இருந்தால், கார் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். இந்தக் கணக்கை எந்த மைதானத்திலும் யாரும் அவனுக்குப் போட்டுக் காட்டவில்லை.

*

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். சைக்கிள்காரர் குறுக்கே வருகிறார். கார் டக்கென்று நிற்கிறது. ‘பரவாயில்லையே, நிறுத்திட்டேனே’ என்று பையன் நிமிர்ந்து உட்காருகிறான். அமுக்கியது மாஸ்டரின் கால். அவர் ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டு, ‘ம்... போ தம்பி’ என்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டர் சொன்னார்: “லைசென்ஸ் வாங்கினவங்க திரும்ப எங்கிட்ட வர்றது ஒரே காரணத்துக்குத்தான் சார். தம்பியையோ தங்கச்சியையோ சேர்த்துவிட வருவாங்க. ‘மாஸ்டர், மழையில எப்படி ஓட்டறது, மலைப்பாதையில எப்படி இறங்கறது, ஒரு நாள் வந்து சொல்லிக் குடுங்க’ன்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல.”

கேட்க மாட்டார்கள். பாஸ் பண்ணியவன் எதற்குப் பாடம் கேட்க வேண்டும்? நம் ஊரில் பரீட்சை என்பது ஒரு படிப்பின் முடிவு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே பழைய பேப்பர்காரருக்குப் புத்தகங்களைப் போடுகிறவர்கள் அல்லவா நாம்!

ஆனால் டிரைவிங்கில் படிப்பு ஆரம்பிப்பதே பாஸான பிறகுதான். இனி அவனுக்கு யார் மாஸ்டர்?

*

அவனுக்கு ஒரு மாஸ்டர் கிடைத்துவிடுகிறார். பெயர் அதிர்ஷ்டம். உலகத்திலேயே மோசமான வாத்தியார் இவர்தான். ஏனென்றால், தப்பான விடைக்கும் இவர் ‘சரி’ போட்டுவிடுவார்.

பையன் ஒரு வளைவில், எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே, லாரியை ஓவர்டேக் செய்கிறான். எதிரே ஒன்றும் வரவில்லை. அல்லது, வந்த பஸ் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. அவன் மனசில் என்ன பதிகிறது? ‘இப்படிச் செய்தால் ஆபத்து’ என்றா? இல்லை. ‘இப்படியும் செய்யலாம்’ என்று. அடுத்த வாரம் அதே வளைவில் கொஞ்சம் கூடுதல் தைரியம். பத்தாவது முறை அது பழக்கம். ஐம்பதாவது முறை அதற்குப் பெயர் ‘திறமை’. “நான் அப்பவே லாரியைப் பார்த்துட்டேன்டா” என்று நண்பனிடம் சொல்வான்.

வண்டி ஓட்டுவதில் இருக்கிற விசித்திரம் இது. சமையலில் உப்பு அதிகமானால் அன்றைக்கே நாக்கு சொல்லிவிடும். கணக்கில் தப்பு செய்தால் விடை இடிக்கும். ரோட்டில் மட்டும் நூறு தப்புகள் செய்தாலும் தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்றும் ஆகாது. நூறாவது தப்புக்கான தண்டனையில் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் எத்தனை பேர் யாரோ ஒருவரின் நூறாவது தப்புக்குப் பலியானார்களோ!

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் ஒரு சிக்கலைக் கிளப்பினார்கள். நேகல் காட்டிய உதாரணங்களில் ஒரு குடிகார டிரைவர் வருகிறார். அவருடைய கார் பிளாட்பாரத்தில் ஏறிவிடுகிறது. அங்கே ஆள் இருந்தால் அவர் உயிரைப் பறித்தவர். ஆள் இல்லையென்றால் அபராதம் கட்டி வீட்டுக்குப் போகிறவர். இரண்டிலும் டிரைவர் செய்தது ஒன்றுதான். நடுவில் இருக்கும் வித்தியாசம் அவர் கையில் இல்லாத விஷயம். அப்படியானால் நாம் எதை வைத்து ஒருவனை நல்லவன், கெட்டவன் என்கிறோம்? செய்ததை வைத்தா, நேர்ந்ததை வைத்தா?

தத்துவ உலகில் இந்த வாதம் இன்னும் முடியவில்லை. நம் வீட்டில் தினமும் தீர்ப்பாகிவிடுகிறது. பையன் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியை உள்ளே தள்ளும் சத்தம் கேட்கிறது. கீறல் இல்லை, காயம் இல்லை. “பத்திரமா வந்துட்டான்” என்று அம்மா தூங்கப் போகிறார். பத்திரமாக வந்தானா, பத்திரமாக ஓட்டினானா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டுமே வீட்டில் விடை தெரியும்.

*

‘போகப் போகச் சரியாயிடும், அனுபவம் வந்தா தானா வரும்’ என்பார்கள். அனுபவத்தின் அருமையை அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் கணிதத்தில் கெட்டிக்காரர்களாகிவிட முடியும், ஆனால் நடைமுறை விவேகம் அவர்களுக்குச் சீக்கிரம் வராது, அதற்குக் காலம் வேண்டும் என்பது அவர் கருத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆனால் ‘தானா வரும்’ என்பதில்தான் சந்தேகம். 1972-ல் மௌரன்ட், ராக்வெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், டிரைவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். புதிதாக ஓட்டுகிறவர்களின் பார்வை காருக்குக் கிட்டத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிகளை அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். பழகியவர்கள் தூரத்தில் பார்த்தார்கள். இருவருக்கும் கண் பார்வை ஒன்றுதான். எங்கே பார்க்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு.

நிறுத்தியிருக்கும் பஸ்ஸைப் பார்த்தால் பழைய டிரைவருக்கு அதன் முன்பக்கத்திலிருந்து குறுக்கே ஓடிவரப்போகும் ஆள் தெரிவார். ரோட்டில் ஒரு பந்து உருண்டால், அதன் பின்னால் வரப்போகும் குழந்தை தெரியும். புதியவனுக்குப் பஸ் தெரியும், பந்து தெரியும், அவ்வளவுதான். ‘தம்பி, பஸ்ஸுக்குக் கீழே பாரு, கால் தெரியுதா?’ என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவை சொன்னால் போதும். ஆயுசுக்கும் மறக்காது. யாரும் சொல்லாவிட்டால், அதை ஒரு காலின் மேல் ஏற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

‘சரி, இன்னொரு ஸ்பெஷல் கிளாஸுக்கு அனுப்பிவிட்டால் போச்சு’ என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நார்வேயில் 1979-ல், லைசென்ஸ் வாங்கிய பிறகு இரண்டாம் கட்டப் பயிற்சி என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். பனியில் வழுக்கும் ரோட்டில் காரைச் சமாளிக்கும் வித்தையும் அதில் உண்டு. பிறகு ஆராய்ந்து பார்த்தால், அந்த வித்தையைக் கற்ற இளைஞர்களுக்கு வழுக்கும் ரோட்டில் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது! சமாளித்துவிடலாம் என்ற தெம்பு வந்ததும் வேகம் கூடிவிடுகிறது. வித்தை கைக்கு வருவதற்குள் தைரியம் காலுக்கு வந்துவிடுகிறது.

ஆக, அவனுக்கு வேண்டியது வித்தை மட்டுமில்லை. ஒன்றும் ஆகாமல் தப்பித்த அன்றைக்கும், ‘அது தப்பு’ என்று சொல்ல ஒரு மனிதர்.

*

மற்ற நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டெஸ்ட்டுக்கு முன்னாலேயே 120 மணி நேரம் ஓட்டியதாகக் கணக்கு காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். பாஸானாலும் முதலில் சிவப்பு ‘பி’, பிறகு பச்சை ‘பி’ என்று படிப்படியாகத்தான் முழு லைசென்ஸ். இங்கிலாந்தில் லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் ஆறு தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என்னை யோசிக்கவைத்தது ஜப்பான். அங்கே 1972 முதல், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் ஒரு வருடத்துக்கு மஞ்சளும் பச்சையுமான இளந்தளிர் அடையாளம் ஒன்றைக் காரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். விஷயம் அதோடு முடியவில்லை. அந்த அடையாளம் உள்ள காரை நெருக்குவதும், அதன் முன்னால் வலுக்கட்டாயமாக நுழைவதும் மற்றவர்களுக்குக் குற்றம். அதாவது, புதியவனுக்கு மட்டும் சட்டம் போடவில்லை. ‘இது தளிர், பார்த்துப் போ’ என்று பழையவர்களுக்கும் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் சிக்னலில் ஒரு புதியவரின் வண்டி ஆஃப் ஆகி நின்றால் என்ன நடக்கும்? பின்னால் இருக்கும் பத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கும். “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று ஓர் ஆட்டோ அண்ணன் கேட்டுவிட்டுப் போவார். ஸ்டியரிங்கில் இருப்பது ஒரு பெண் என்றால் கேள்வி இன்னும் மோசமாக இருக்கும். பதற்றத்தில் அந்தப் புதியவர் கிளட்சை விட, வண்டி இன்னொரு முறை துள்ளி நிற்கும். பொறுமை என்று ஒரு பாடத்தை நாம் பத்துப் பேரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவசரம் என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

நம்மிடமும் ஒரு முறை இல்லாமல் இல்லை. நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். எத்தனையோ பேர் கிளீனராக ஏறியவர்கள். வருஷக்கணக்கில் இடது பக்கத்து ஸீட். டயரைத் தட்டிப் பார்ப்பது, பாடியைத் தட்டி ‘வரலாம்... வரலாம்... ரைட்டு’ சொல்வது. ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே ரோட்டை மனப்பாடம் செய்தவர்கள். அந்த வாழ்க்கையைப் புனிதமாக்க வேண்டாம். அடியும் வசவும் தூக்கமில்லாத ராத்திரிகளும் அதில் உண்டு. கெட்ட டிரைவரிடம் சேர்ந்த கிளீனர், கெட்ட பழக்கங்களையும் சேர்த்தே கற்றுக்கொண்டார். ஆனாலும், தப்பு நடந்த அந்த நிமிஷமே ‘டேய்!’ என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

*

நம் வீடுகளில் இரண்டு விதமான அப்பாக்கள். ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறார். இன்னொருவர் சாவியைக் கொடுப்பதே இல்லை.

இரண்டாவது அப்பா, மகள் விஷயத்தில்தான் அதிகம். மகளுக்கு லைசென்ஸ் வாங்கித் தருவார். அது பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். “அவசரத்துக்கு உதவும்.” என்றைக்கோ நள்ளிரவில் அந்த அவசரம் வரும். நெஞ்சுவலியில் துடிக்கும் அப்பாவை ஏற்றிக்கொண்டு, ஐந்து வருடமாக ஸ்டியரிங்கைத் தொடாத பெண் ஓட்ட வேண்டும். பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்க, திறமை என்ன நகையா?

முதல் அப்பாவுக்கு ஒரு நியாயம் உண்டு. “பதினெட்டு ஆயிடுச்சு, அவனுக்குத் தெரியாதா? நான் பக்கத்துல உட்கார்ந்தா அவனுக்கு அவமானம்.” சட்டமும் அவருக்குத் துணை நிற்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, மைனர் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பதினெட்டாவது பிறந்தநாளோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. சட்டத்துக்கு ஒரு தேதி வேண்டும், தீர்த்துக்கொள்ளட்டும். மனசாட்சிக்கும் அப்படி ஒரு தேதி உண்டா?

அவனுடைய சுதந்திரம் பெரிதுதான். ஆனால் ஆறு மணிக்குப் பால் வாங்க ரோட்டைக் கடக்கும் அந்தப் பாட்டியிடம், ‘என் பையன் உங்கள் மேல் பழகிக்கொள்ளலாமா?’ என்று நாம் அனுமதி கேட்கவில்லையே. புதியவன் ரோட்டில்தான் கற்றாக வேண்டும், வேறு வழியில்லை. அந்த ஆபத்தைக் கேட்காமலே அடுத்தவர் தலையில் ஏற்றுகிறோம். ஏற்றினால், குறைக்க முடிந்த அளவு குறைப்பது நம் கடன்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. முதல் ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு நாள், இடது பக்கத்து ஸீட். முதல் மழை பெய்யும் நாளில் சாவியைப் பிடுங்காமல், கூடவே போங்கள். நனைந்த ரோட்டில் பிரேக் எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறது என்று அவனே பார்க்கட்டும். இரவில் எதிர் லைட் கண்ணில் அடிக்கும்போது, அதைப் பார்க்காமல் இடது ஓரத்தைப் பார்த்து வேகம் குறைக்கச் சொல்லுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். பைக் என்றால் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். ‘முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான் என்பதையும், இரண்டையும் சேர்த்து இதமாக அழுத்த வேண்டும் என்பதையும் அவன் கை அங்கே கற்கட்டும்.

ஒன்று மட்டும். கத்தாதீர்கள். கத்தினால் அவன் ரோட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். வண்டியை நிறுத்தியபின், “அந்த ஸ்கூல் வாசல்ல என்னப்பா பார்த்தே?” என்று கேளுங்கள். அதுதான் பாடம்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் கசக்கும். உங்கள் பிள்ளை டிரைவிங் படித்தது அந்த ஸ்கூலில் இல்லை. பதினெட்டு வருடமாக உங்கள் பின் ஸீட்டில். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நீங்கள் ஓட்டியதையும், போலீஸைப் பார்த்த பிறகு பெல்ட் போட்டதையும், ஒன்வேயில் ‘கொஞ்ச தூரம்தானே’ என்று நுழைந்ததையும் அவன் பார்த்திருக்கிறான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பார்த்திருக்கிறான்.

*

கடைசியாக, இனிப்பு கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தத் தம்பிக்கு.

வாழ்த்துகள். லைசென்ஸை அம்மாவிடம் காட்டியாயிற்றா? சரி. இனி வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்கும்போதெல்லாம், இறங்கும் முன் ஒரு நிமிஷம் உட்கார். ‘பத்திரமா வந்தேனா?’ என்று கேட்காதே. அதற்கு விடை, நீ உட்கார்ந்திருப்பதே. ‘இன்றைக்கு எத்தனை பேர் எனக்காக பிரேக் பிடித்தார்கள்?’ என்று கேள்.

வளைவில் நீ லாரியைத் தாண்டியபோது எதிரே வந்த பஸ் ஒதுங்கியதே, அது உன் திறமை இல்லை. இண்டிகேட்டர் போடாமல் நீ திரும்பியபோது பின்னால் வந்த ஸ்கூட்டர்காரம்மா தடுமாறி நின்றாரே, அதுவும் உன் திறமை இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரோடு போய்விட்டதாக நீ நினைத்த அந்த இரண்டாவது பிரேக் எங்கேயும் போகவில்லை. முகம் தெரியாத யார் யாரோ அதை உனக்காக மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல்.

அவர்கள் மிதிக்க வேண்டிய தடவைகள் என்றைக்குக் குறைகின்றனவோ, அன்றைக்குத்தான் தம்பி நீ பாஸ்.